முட்வாராவில் முந்திரி வாங்கிய அனுபவம்

தான்சானியாவில் என்ன தொழில் செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு, எனக்குத் தெரிந்த ஒரே துறையைப் பற்றிச் சொல்கிறேன். முந்திரி. சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். கொட்டையின் தரம் பார்த்து வாங்கித் தருவதற்காகச் சீசன்தோறும் முட்வாராவுக்குப் போய்வருகிறேன்.

நம் ஊரில் கொட்டை விழுவது பங்குனி, சித்திரையில். மேற்கு ஆப்பிரிக்காவிலும் ஏறக்குறைய அதே காலம்தான். தான்சானியாவின் தெற்கே முட்வாரா, லிண்டி, ருவுமா வட்டாரங்களில் அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை அறுவடை நடக்கும். இங்கே ஆலைகள் கொட்டைக்குத் தவிக்கிற நேரத்தில் அங்கே புதுக்கொட்டை கிடைக்கிறது. நம் ஆட்களும் வியட்நாம்காரர்களும் அங்கே போட்டி போட்டு வாங்குவது இதனால்தான்.

ஆனால் விவசாயி வீட்டு வாசலில் நின்று பேரம் பேசி வாங்க முடியாது. 2007 முதல் கிடங்கு ரசீது முறை. விவசாயி தன் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கொட்டையைப் போடுவார், அங்கிருந்து கிடங்குக்குப் போகும், ஏலத்தில்தான் விற்கும். முன்பு உறையில் விலை எழுதி ஒட்டிப் போடுவார்கள். இப்போது அரசின் சரக்குச் சந்தை வழியாக இணையத்தில் ஏலம். விலையை விவசாயிகள் கூட்டத்தில் படித்துக் காட்டுவார்கள். கட்டுப்படியாகாது என்றால் அவர்கள் மறுத்துவிடலாம். நெவாலா பக்கம் ஒரு சங்கத்தில் அதை நேரில் பார்த்தேன். வயதான ஒரு அம்மா எழுந்து, இந்த விலைக்குக் கொட்டை கிடங்கிலேயே இருக்கட்டும் என்றார். கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கியது. அன்றைக்கு விற்பனை இல்லை.

எங்களோடு வந்த சில வியாபாரிகளுக்கு எரிச்சல். எனக்கு அந்த அம்மா செய்தது சரி என்றே பட்டது. சங்கத்துச் செயலாளரிடம் பேசியபோது பழைய கதையைச் சொன்னார். பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணம் கட்டக் காசில்லாத மாதத்தில் வியாபாரிகள் விவசாயிக்குக் கடன் கொடுத்துவிட்டு, மரம் பூக்கும்போதே கொட்டையை எழுதி வாங்கிக்கொள்வார்களாம். தராசு கிடையாது, கிண்ணத்தால் அளப்பார்கள். கங்கோம்பா என்று அதற்குப் பெயர். இன்றும் திருட்டுத்தனமாக நடக்கிறது. விலை மலிவு என்று யாராவது உங்களை அந்தப் பக்கம் கூப்பிட்டால் போகாதீர்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அது அந்த விவசாயியின் ஒரு வருட உழைப்பு.

தரம் பார்ப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பணம் நிற்பதும் போவதும் அதில்தான். கிடங்கில் பல மூட்டைகளைக் குத்தி எடுத்த கொட்டையைக் கலந்து ஒரு கிலோ நிறுப்போம். எத்தனை கொட்டை என்று எண்ணிவிட்டு, ஒவ்வொன்றாகக் கட்டரில் வைத்துப் பிளப்போம். ஓட்டிலிருந்து வரும் பால் பட்டால் தோல் வெந்துபோகும், கையில் எண்ணெய் தடவாமல் உட்காரக் கூடாது. நல்ல பருப்பு ஒரு தட்டில், புள்ளி விழுந்ததும் சூம்பியதும் இன்னொன்றில், பூஞ்சை பிடித்தது கழிவு. நல்லதன் எடையோடு புள்ளிப் பருப்பில் பாதி எடையைச் சேர்த்துக்கொள்வோம். கிலோவுக்கு 290 கிராம் தேறினால், 80 கிலோ மூட்டைக்கு 51 பவுண்டு அவுட்டர்ன், அதாவது ஒரு மூட்டையில் தேறும் பருப்பின் எடை. முட்வாராக் கொட்டையில் 50க்கு மேல் வருவது அபூர்வம் இல்லை. ஆனால் ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டிய சரக்கைக் கன்டெய்னரில் ஏற்றினால், ஊருக்கு வந்து சேரும்போது அந்தக் கணக்கு நிற்காது.

அப்புறம் அரசு. 2018 நவம்பரில், தனியார் கேட்ட விலை போதாது என்று அதிபர் மகுஃபுலி, கிலோ 3,300 ஷில்லிங்குக்கு அரசே எல்லாவற்றையும் வாங்கும் என்று அறிவித்து ராணுவத்தை இறக்கினார். ராணுவ லாரிகள் கொட்டை ஏற்றின. கப்பல் பேசி வைத்திருந்த வியாபாரிகள் வெறுங்கையோடு நின்றார்கள். வாங்கிய சரக்கை விற்க முடியாமல் அரசும் அடுத்த வருடம் வரை திண்டாடியது. இது தவிர, கச்சாக் கொட்டை ஏற்றுமதிக்குத் தீர்வை உண்டு. மதிப்பில் 15 சதவீதம் அல்லது டன்னுக்கு 160 டாலர், இரண்டில் எது அதிகமோ அது.

இந்தத் தீர்வையில்தான் வாய்ப்பே இருக்கிறது என்பது என் எண்ணம். அங்கேயே உடைத்துப் பருப்பாக அனுப்பினால் அதைக் கட்ட வேண்டியதில்லை. கச்சா ஏற்றுமதியை 2030க்குள் நிறுத்த வேண்டும் என்பதும் அரசின் இலக்கு. அப்படியானால் ஏன் எல்லோரும் ஆலை போடவில்லை? 1970களில் உலக வங்கிக் கடனில் பெரிய பெரிய ஆலைகள் கட்டினார்கள். பல பின்னாளில் வெறும் கிடங்காகிவிட்டன. இன்று ஆலை வைப்பவரின் சிக்கல் நடைமுறை மூலதனம். மூன்று மாத ஏலத்தில் வருடம் முழுவதற்கும் கொட்டை வாங்கி அடுக்க வேண்டும், ஏற்றுமதியாளரோடு போட்டி போட்டு வாங்க வேண்டும். உள்ளூர் வங்கி வட்டி கடுமை. மெஷினுக்கு மட்டும் பணம் வைத்துக்கொண்டு வருகிறவர் பிப்ரவரியில் கொட்டை இல்லாமல் ஆலையைப் பூட்டுவார்.

முட்வாராத் துறைமுகத்துக்கே இப்படி ஒரு பின்கதை உண்டு. 1947இல் பிரிட்டிஷ் அரசு பெருந்திட்டமாக நிலக்கடலை போட வந்தது. அதற்காகத் துறைமுகமும் ரயில் பாதையும் போட்டார்கள். மண்ணையும் மழையையும் சரியாகப் பார்க்காமல் இறங்கியதில் 1951இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். தண்டவாளத்தையும் பிறகு பெயர்த்துவிட்டார்கள். துறைமுகம் மட்டும் முந்திரிக்கு உதவுகிறது.

பதில்:

அண்ணே, நான் டார் எஸ் சலாமில் இருந்துகொண்டு முந்திரி ஆலைகளுக்கு மெஷின் சர்வீஸ் செய்கிறேன். சொந்தமாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

வெளிநாட்டவர் நிலத்தைச் சொந்தமாக வாங்க முடியாது. முதலீட்டு அமைப்பு வழியாகக் குத்தகை போன்ற உரிமைதான். வரிச்சலுகைச் சான்றிதழுக்கு வெளிநாட்டவர் காட்ட வேண்டிய முதலீடு 5 லட்சம் டாலர். 2025 ஜூலையில் வந்த உத்தரவில் வெளிநாட்டவர் செய்யக் கூடாத 15 தொழில்கள் இருக்கின்றன. செல்போன் பழுதுபார்ப்பு, சலூன், சில்லறைக் கடையோடு, தோட்டத்தில் போய் விளைபொருள் வாங்குவதும் அதில் உண்டு. சின்னதாகக் கடை போட்டுப் பார்க்கலாம் என்று விமானம் ஏறிவிடாதீர்கள்.

இன்னொன்று வாய்ப்பு. கட்டர் பிளேடு, பாய்லர் உதிரி எதுவானாலும் ஆலைகள் வாரக்கணக்கில் காத்திருக்கின்றன. உள்ளூர்ப் பையன்களுக்குப் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்களைப் பார்த்தால் முதலில் ஷிகமோ என்று மரியாதையாக வணக்கம் சொல்லுங்கள், மரஹபா என்று பதில் வந்த பிறகு வேலையைப் பேசுங்கள்.

பதில்:

தம்பி சொன்ன உதிரிபாக விஷயம் முற்றிலும் உண்மை. போய்ப் பார்க்க நினைப்பவர்கள் செப்டம்பர் கடைசியிலேயே முட்வாரா போய்விடுங்கள். ஏலம் தொடங்குவதற்கு முன்னால்தான் சங்கத்துக்காரர்களுக்கும் கிடங்குக்காரர்களுக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.