பேஸ்போல் புனைகதையும் நிஜ மைதானமும்

வெள்ளவத்தை வாசகன்: கிரிக்கெட் பேச்சே ஓயாத கொழும்பில் இருந்துகொண்டு பேஸ்போல் நாவல்களை வாசிக்கும் எனக்கு, அக்கதைகள் நிஜ விளையாட்டைப் பிரதிபலிப்பதோடு நிற்கின்றனவா, அதை மாற்றவும் செய்கின்றனவா என்ற ஐயம் எழுகிறது.

கொட்டாஞ்சேனையான்: இரண்டும் உண்டு. 1949இல் சிக்காகோ ஹோட்டல் அறையொன்றில் எடி வைட்கஸ் என்ற வீரரை அவரது ரசிகை ஒருத்தி சுட்டாள். 1952இல் வெளிவந்த பேர்னாட் மலமுட்டின் ‘த நச்சுரல்’ நாவலின் நாயகனும் ஹோட்டல் அறையிலேயே ஒரு பெண்ணால் சுடப்படுகிறான். வைட்கஸ் மறு ஆண்டே களத்துக்குத் திரும்பினார். நாயகனுக்கோ பல ஆண்டுகள் பிடித்தன.

தெஹிவளை ரசிகை: கதை நிஜத்தை ஆட்டுவித்ததற்கு ‘ஃபீல்ட் ஒஃப் ட்ரீம்ஸ்’ (1989) என்ற பேஸ்போல் திரைப்படம் சான்று. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் அப்படத்துக்காகச் சோளவயலில் அமைத்த மைதானத்தின் அருகிலேயே 2021இல் அந்நாட்டின் உச்ச பேஸ்போல் தொடரான மேஜர் லீக்கின் போட்டி நடந்தபோது, வீரர்கள் படத்தில் போலவே சோளப்பயிர்களுக்குள்ளிருந்து நடந்து வந்தனர். வணிகத் தந்திரம்தான், ஆயினும் எனக்குப் பிடித்திருந்தது.