தேனீக்களின் முதுமையும் குடல் நுண்ணுயிர்களும்: பாகில் தயிர்த் தெளிவு கலந்து வைக்கலாமா?

கேள்வி: தோப்புக்காரர், கானாடுகாத்தான் அருகே

கானாடுகாத்தானை அடுத்த எங்கள் தென்னந்தோப்பில் சில பெட்டிகளில் இந்தியத் தேனீக்களை வளர்த்து வருகிறேன். வேப்பம்பூவும் புங்கம்பூவும் ஓய்ந்து, ஊருணிகளில் நீர் வற்றத் தொடங்கும் காலத்தில், சர்க்கரைப் பாகு தவறாமல் வைத்தபோதிலும், பெட்டிகளில் ஈக்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. எஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை இறக்கை நுனி கிழிந்து, உடல் மயிர் உதிர்ந்து, கறுத்துப் பளபளக்கும் கிழட்டு ஈக்களாகவே தென்படுகின்றன. வளர்ப்புச் சாமான்கள் விற்கும் ஒருவரிடம் கேட்டேன். வயதாக ஆகத் தேனீயின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்துவிடுவதாகவும், பாகில் தயிர்த் தெளிவு கலந்து வைத்தால் அவற்றை மீட்டுவிடலாம் என்றும், நோய் அண்டாமலிருக்கக் கூடவே டெட்ராசைக்ளினைப் பொடித்துப் போடலாம் என்றும் அவர் சொன்னார். நுண்ணுயிரை வளர்க்க ஒன்றும் கொல்ல ஒன்றுமாக ஒரே பாகில் கலப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. முதுமையில் தேனீயின் குடலிலும் வளர்சிதை மாற்றத்திலும் உண்மையில் என்ன நடக்கிறது, நாம் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: விலங்கியல் ஆசிரியர், காரைக்குடி

ஐயா, உங்கள் ஐயம் நியாயமானதே. டெட்ராசைக்ளினை முதலில் ஒதுக்கி வையுங்கள். 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், அம்மருந்தை ஐந்து நாள்கள் உண்ட தேனீக்களின் குடல் பாக்டீரியாக்கள் பெருமளவு குறைந்தன. அத்தேனீக்களைக் கூட்டுக்குத் திருப்பி அனுப்பியபோது, மருந்து உண்ணாதவற்றைவிடக் குறைவாகவே அவை உயிர் பிழைத்தன. நோயைத் தடுக்க என்று கொடுத்த மருந்தே வேறு நோய்க்கிருமி எளிதில் தொற்றுவதற்கு வழி செய்தது.

இனி முதுமை. புழு அறையின் மூடியைக் கடித்துக்கொண்டு வெளிவரும் பணித் தேனீயின் குடலில் ஏறத்தாழ நுண்ணுயிர்களே இருப்பதில்லை. அடைகளில் ஊர்ந்தும், மூத்த ஈக்களோடு பழகியும், அவற்றின் எச்சத்தின் வழியாகவும் நான்கிலிருந்து ஆறு நாள்களுக்குள் அது தன் பாக்டீரியாக்களைப் பெற்றுவிடுகிறது. இவற்றில் மிகப் பெரும்பகுதி பின்குடலில்தான் தங்குகிறது. பின்குடலின் முன்பகுதியில் ஸ்னோட்கிராசெல்லா என்னும் பாக்டீரியா குடற்சுவரோடு ஒட்டிப் படலமாகப் படர்ந்து, அங்குள்ள ஆக்சிஜனைச் செலவழித்துவிடுகிறது; அதன்மேல் கிலியமெல்லா என்னும் மற்றொரு பாக்டீரியா அமர்ந்து, சர்க்கரைகளையும் மகரந்தச் சுவரிலுள்ள பெக்டினையும் சிதைக்கிறது. (நெடுங்காலம் தேனீ நுண்ணுயிர்களை ஆராய்ந்த மார்த்தா கில்லியம் அவர்களின் நினைவாக 2013இல் சூட்டப்பட்ட பெயர் இது.) மலக்குடலில் லாக்டோபேசிலஸ், பிபிடோபாக்டீரியம் ஆகியவை குடியிருக்கின்றன. நம் இந்தியத் தேனீயிலும் இதே அடிப்படைக் குழுக்கள்தாம் உள்ளன. இத்தாலியத் தேனீயோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் உள்ள உள்வகைகள் குறைவு. இவை மகரந்த மிச்சத்தை நொதிக்கச் செய்து உண்டாக்கும் அசெட்டிக் முதலிய சிறு அமிலங்கள் தேனீயின் உடலுக்குப் பயன்படுகின்றன. 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நுண்ணுயிரற்ற தேனீக்களைவிட நுண்ணுயிருள்ள தேனீக்கள் எடை கூடியதையும், அவற்றின் உடலில் இன்சுலின் போன்ற சுரப்புகளும் விடெல்லோஜெனின் என்னும் புரதமும் மிகுந்ததையும் காட்டியது. விடெல்லோஜெனின் உணவுச் சேமிப்பாக மட்டுமன்றி, ஆக்சிஜனால் ஏற்படும் சிதைவைத் தடுக்கும் காப்பாகவும் விளங்குகிறது.

முதல் இரண்டு வாரம் செவிலியாக இருக்கும் தேனீ மகரந்தத்தை மிகுதியாக உண்கிறது. அதன் நடுக்குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் உச்சத்தில் இருக்கின்றன, தலையிலுள்ள சுரப்பிகள் புழுக்களுக்கான பாலைச் சுரக்கின்றன, விடெல்லோஜெனின் நிறைந்திருக்கிறது. ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் அது வெளியே பறந்து உணவு தேடும் வயல் தேனீயாகும்போது எல்லாம் தலைகீழாகின்றன. இளம்பருவ ஹார்மோன் ஏறுகிறது, விடெல்லோஜெனின் இறங்குகிறது, உடற்கொழுப்பு ஏறத்தாழப் பாதியாகிறது. அதே சுரப்பிகள் பால் சுரப்பதை விட்டு, பூந்தேனைத் தேனாக்கும் நொதிகளைச் சுரக்கத் தொடங்குகின்றன. மகரந்தம் உண்பது ஏறக்குறைய நின்றுபோய், சர்க்கரை ஒன்றே எரிபொருளாகிறது. பறக்கும் தசைகள் எரிக்கும் ஆக்சிஜனின் அளவு மிகப் பெரிது. அதன் பக்கவிளைவான சிதைவு உடலில் சேர்ந்துகொண்டே போகிறது. மகரந்தம் வராத குடலில் பாக்டீரியாக்களின் மொத்த அளவும் குறைகிறது. செவிலித் தேனீக்களைவிட வயல் தேனீக்களில் அவை குறைவு என்பது 2020இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வொன்றிலும் தெரிந்தது. மகரந்தம் கொடுத்தால் அந்த அளவு கூடுவதை அதே ஆய்வு சோதித்துக் காட்டியது.

இதைப் படித்துவிட்டு, வயதுதான் நுண்ணுயிர்களை அழிக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2018இல் அமெரிக்காவில் ராணிகளையும் பணித் தேனீக்களையும் ஒப்பிட்டபோது, வயது ஏற ஏற ராணியின் குடலில் லாக்டோபேசிலஸும் பிபிடோபாக்டீரியமும் மிகுந்தன, புரோட்டியோபாக்டீரியா என்னும் வேறொரு பாக்டீரியாக் குழுவின் வகைகள் குறைந்தன. பணித் தேனீயில் நேர் எதிராக நடந்தது. ஒரே கூட்டில், ஒரே மரபிலிருந்து பிறந்த இரண்டு உடல்களின் முதுமை இரண்டு திசைகளில் செல்கிறது. மேலும், கூட்டில் செவிலிகள் இல்லாமற் போனால், வயல் தேனீக்களில் சில மீண்டும் செவிலிகளாகின்றன. அவற்றில் விடெல்லோஜெனின் திரும்ப ஏறுகிறது. குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்தில் பிறக்கும் பணித் தேனீ, கோடையில் பிறந்த தன் சகோதரியைப் போல ஆறு வாரத்தில் மடியாமல், ஆறு மாதம் வாழ்கிறது. தேனீயின் முதுமையைப் பிறந்த நாளைக் கொண்டு கணக்கிடுவதைவிட, அது செய்யும் வேலையையும் உண்ணும் உணவையும் கொண்டு கணக்கிடுவதே பொருந்தும். உங்கள் பெட்டியில் நடப்பதையும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

மறுமொழி 2: கோட்டையூர் ஆச்சி, நெடுநாள் தேனீ வளர்ப்பவர்

தம்பி, ஆசிரியர் சொன்ன அறிவியல் சரி. ஆனால் உங்கள் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது கிழட்டு ஈக்களின் குடலை அன்று, புழு அறையை. கிழட்டு ஈக்கள் மிகுந்துவிட்டதாகத் தோன்றுவதற்குக் காரணம், இளம் ஈக்கள் பிறக்காமல் நின்றுபோனதே. மகரந்த வரத்து இல்லாவிட்டால் ராணி முட்டையிடுவதைக் குறைத்துவிடும். பாகு எவ்வளவு வைத்தாலும் அதில் புரதம் இல்லை. நம் பக்கத்துச் செம்மண் காட்டில் வெயில் காலத்தில் கருவேல மரங்களும் ஓய்ந்துவிட்டால், தென்னைதான் கைகொடுக்கும். நீர் பாயும் தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடும். உங்கள் மரங்கள் வறண்டு பாளை சிறுத்திருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். வாய்க்கால் ஓரத்தில் பீர்க்கு, பூசணி, முருங்கை வையுங்கள். பெட்டிக்கு அருகில் நீர்த்தொட்டியும், அதில் ஈக்கள் அமரச் சிறு கற்களும் இருக்கட்டும்.

அதற்கும் வழியில்லாத வாரங்களில், பொட்டுக்கடலை மாவைத் தேனில் பிசைந்து, பெட்டிக்குள் ஈக்கள் அடை கட்டும் மரச் சட்டங்களின் மேல் சிறு உருண்டையாக வைக்கலாம். தின்னாமல் விட்டதை எடுத்தெறிந்துவிட வேண்டும். பழைய மாவையே மாதக் கணக்கில் விட்டுவைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது வீண் வேலை.

தோப்புக்காரர்

ஆச்சிக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் நன்றி. இன்று மாலை திறந்து பார்த்ததில், இரண்டு பெட்டிகளில் முட்டை மிகக் குறைவாகவே இருக்கிறது. ஒரு பெட்டி மட்டும் வலுவாக உள்ளது. வலுவான பெட்டியிலிருந்து ஒரு சட்டத்தை மாற்றினால் இளம் ஈக்களோடு அவற்றின் நுண்ணுயிர்களும் வருமா? தயிர்த் தெளிவை முற்றிலும் விட்டுவிடவா?

மறுமொழி 3: விலங்கியல் ஆசிரியர், காரைக்குடி

விட்டுவிடுங்கள். தயிரில் உள்ளவை பாலுக்குப் பழகியவை. தேனீயின் பின்குடலில் இருப்பவை அந்த இடத்துக்கென்றே நெடுங்காலமாகத் தகவமைந்தவை. அயல் பாக்டீரியாக்கள் அங்கே நிலையாகக் குடியேறுவது அரிது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு: தயிர்த் தெளிவில் மிஞ்சியிருக்கும் பாற்சர்க்கரையான லாக்டோஸும், அது உடைந்து வரும் கேலக்டோஸும் தேனீக்கு நஞ்சு.

ஆச்சி பழைய மாவைப் பற்றிச் சொன்னதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. நாள்பட்ட மகரந்தத்தையும் நாள்பட்ட மாற்று உணவையும் உண்ட இளந்தேனீக்களின் குடல் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து, இறப்பும் நொசீமா என்னும் குடல் நோயும் கூடியதை 2016இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது. ஆகவே சிறிதளவாகப் புதிதாகப் பிசைந்து வையுங்கள்.

சட்டம் மாற்றுவது நல்ல யோசனை. மூடிய அறைகள் நிறைந்து, ஈக்கள் வெளிவரத் தொடங்கியிருக்கும் சட்டமாகப் பார்த்து, அதன்மேல் ஒட்டியிருக்கும் செவிலிகளோடு மாலையில் மாற்றுங்கள். ராணி அதில் இல்லை என்பதை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெளிவரும் இளம் ஈக்கள் அந்தச் செவிலிகளிடமிருந்தும் அடையிலிருந்தும் தம் நுண்ணுயிர்களைத் தாமே பெற்றுக்கொள்ளும். மூடாத புழுக்கள் மிகுந்த சட்டம் வேண்டாம்; மெலிந்த பெட்டியில் அவற்றுக்குப் பாலூட்டச் செவிலிகள் போதமாட்டா.

மாற்றுவதற்கு முன் அந்தச் சட்டத்தின் அறைகளில், நிமிர்ந்து நீண்டு, நீர்ப்பை போல உப்பி இறந்த புழுக்கள் உள்ளனவா என்று கவனியுங்கள். அது புழுக்களைத் தாக்கும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸின் அடையாளம். 1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்த நோய் அது. ஒரு புழு அப்படித் தென்பட்டாலும் அந்தப் பெட்டியின் எந்தச் சட்டத்தையும் வேறு பெட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.