உடும்புக் கூண்டில் என்ன மண் போட்டிருக்கிறீர்கள்?

ஹூஸ்டன் குமரன்:
எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்புக்குக் கீழே வெள்ளையாக நீண்டு கிடந்ததை மருத்துவர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். எலும்பு என்று நினைத்தேன். "மணல்" என்றார்.

சவானா உடும்பு, ஆண், மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. ஊர் மாறிப் போன ஒருவர் கூண்டோடு கொடுத்தார். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கால்சியம் மணல். வயிற்றுக்குள் போனாலும் செரித்துவிடும், சுண்ணாம்புச் சத்து வேறு கிடைக்கும் என்று சொல்லிக் கடையில் விற்றார்களாம். அரைத்த வான்கோழிக் கறியை அந்த மணல்மேலேயே போட்டு ஊட்டியிருக்கிறார்கள். ஈரக் கறியில் மணல் எப்படி ஒட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கிறோம், தோலுக்கடியில் நீர் ஏற்றுகிறார்கள். அறுவைவரை போகாமல் இருக்க வேண்டும். தற்காலிகமாகச் செய்தித்தாள் விரித்திருக்கிறேன். நீங்கள் என்ன போட்டிருக்கிறீர்கள்?

மெல்பர்ன் செல்வி:
எங்கள் வீட்டில் இருப்பது ஆக்கி என்னும் சிறிய ஆஸ்திரேலிய உடும்பு, பெண், உரிமத்தோடு வளர்க்கிறோம். வாங்கும்போதே தொட்டியில் சிவப்புப் பாலை மணல் நான்கு அங்குலம் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. வயிற்றில் முட்டை வந்ததும் அவள் மூலையைத் தோண்டத் தொடங்கினாள். தோண்டுவாள், பக்கத்து மணல் சரிந்து குழியை மூடும். தலையை வெளியே இழுத்து, கண்ணில் ஒட்டியதை இமைத்துத் தள்ளிவிட்டு, மறுபடியும் அதே இடத்தில் தோண்டுவாள். அடிக் கண்ணாடியில் நகம் கீறும் சத்தம் பகலெல்லாம் கேட்கும். அது இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

முட்டைகளை அவள் இடவே இல்லை. அறுத்துத்தான் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இப்போது ஓரடிக்கு மேல் ஈரமண். எந்த மணல் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி, குமரன்.

லெஸ்டர் ராஜேஸ்வரி:
இரண்டு பேருமே மணலைத் திட்டுகிறீர்கள். கால்சியம் மணலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது குப்பைக்குத்தான் போக வேண்டும். ஆனால் குமரன், உங்கள் உடும்பின் சொந்தபந்தங்கள் கானாவிலும் டோகோவிலும் மண்ணைக் கிளறித்தான் சிள்வண்டும் மரவட்டையும் தின்கின்றன. ஒவ்வொரு வாயிலும் மண் போகிறது. உடம்பில் நீரும் சூடும் இருந்தால் குடல் அதைத் தள்ளிவிடும். வெயில் காயும் இடத்தின் தரைச் சூடு என்ன என்று நீங்கள் சொல்லவே இல்லையே? 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வேண்டும். காற்றின் சூட்டைக் காட்டும் மானியை நம்பாதீர்கள், கல்லின் மேற்பரப்பை அளக்கும் துப்பாக்கி வடிவ மானி வாங்குங்கள். மூடி கம்பிவலை என்றால் ஈரமெல்லாம் மேலே பறந்துவிடும், அடைத்துவிடுங்கள். செய்தித்தாளை அவசரத்துக்குமேல் ஒரு நாளும் வைக்காதீர்கள். ஒளிய வளை இல்லாத போஸ்க் உடும்பு (சவானா உடும்பை இங்கிலாந்தில் அப்படித்தான் சொல்வோம்) மெதுவாக வறண்டு, கடைசியில் சிறுநீரகமும் மூட்டும் கெட்டு நிற்கும்.

மண் என்றால் தோட்டக் கடையில் விற்கும் எல்லாம் மண்ணாகிவிடாது. உரம் கலந்தது வேண்டாம், வெள்ளைவெள்ளையாகப் பெர்லைட் உருண்டை தெரிந்தாலும் வேண்டாம். சாதாரண மேல்மண் மூன்று பங்கு, கழுவிய விளையாட்டு மணல் இரண்டு பங்கு. தென்னை நார்த்தூளைக் கொஞ்சம் சேர்க்கலாம், அதை மட்டும் போட்டால் காய்ந்து தூசியாகும், வளை நிற்காது. சிடார் மரச் சீவல் பக்கமே போகாதீர்கள், அதன் எண்ணெய் வாடை நுரையீரலைக் கெடுக்கும். பிசைந்து கைக்குள் இறுக்கிப் பாருங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது.

என் கதை சிறியது. இங்கே ஒருவர் பலகைக் கல்லை மண்ணின்மேல் வைத்திருந்தார். உடும்பு அடியில் தோண்டியது, கல் இறங்கியது. தூக்கிப் பார்க்கும்போது நானும் அங்கே இருந்தேன். கல்லைக் கூண்டின் தரையில் ஊன்றிவிட்டுப் பிறகு மண் கொட்டுங்கள்.

திருமயம் மாணிக்கம்:
அம்மா, ஐயாமார்களே, வெளிநாட்டில் இருப்பவர்கள் பேசுகிறீர்கள், சரி. இதைப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் வயற்காட்டில் ஒன்றைப் பிடித்து வந்துவிடப் போகிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் சிறைக்குப் போகும் குற்றம். வீட்டுக்குள் வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

எங்கள் கிணற்றுமேட்டுக் கரையான் புற்றில் ஒன்று தோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். முன்காலால் வாரும், பின்காலால் தள்ளும். முட்டையிட்டபின் மூக்கால் மண்ணை அமுக்கி அமுக்கி மூடியது. மழை பெய்து ஓய்ந்த புற்று, வெளியே கல் போல, உள்ளே ஈரம். செல்வி அம்மா சொன்ன தொட்டியைப் படித்ததும் அந்த மூக்குதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் எவ்வளவு பங்கு கலந்தாலும் புற்று ஆகுமா?

லெஸ்டர் ராஜேஸ்வரி:
புற்று ஆகாது, ஐயா. அதற்காகக் கண்ணாடித் தரையில் விட்டுவிட முடியுமா? இங்கே கேள்வி கேட்டவரிடம் ஏற்கெனவே ஓர் உடும்பு இருக்கிறது.

சிகாகோ அருண்:
ஆழம் ஆழம் என்கிறீர்கள். எடையை யாராவது சொன்னீர்களா? எட்டடிக்கு நான்கடிக் கூண்டு, இரண்டடி மண். ஈரமண் கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன், ஆகவே இரண்டே முக்கால் டன் அளவு வரும். எங்கள் நண்பர் ஒருவர் மாடி அறையில் பாதி கொட்டியபோது கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அவர் வீட்டு விதானத்தில் விளக்கைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல். வாளி வாளியாக அள்ளிக் கீழே இறக்கினோம், ஈரமண் சட்டையெல்லாம் அப்பிக்கொண்டது. குமரன் அண்ணா, கான்கிரீட் தரை உள்ள கார் கொட்டகை இருந்தால் அங்கே வையுங்கள்.

மெல்பர்ன் செல்வி:
ராஜேஸ்வரி அக்கா, "இரண்டு பேருமே" என்று என்னையும் சேர்த்துவிட்டீர்கள். நான் சொன்னதும் ஆழமும் ஈரமும்தான். திரும்பப் படியுங்கள்.

ஹூஸ்டன் குமரன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ஒரு பெரிய கட்டி வெளியே வந்தது, சிமெண்ட் உருண்டையைப் போல் இறுகியிருந்தது. இன்னும் மிச்சம் இருக்கிறது, அடுத்த எக்ஸ்ரே வெள்ளிக்கிழமை. ராஜேஸ்வரி அக்கா, தரைச் சூட்டை அளந்தேன். 41 தான் வருகிறது. விளக்கை மாற்றுகிறேன்.

அருண் தம்பி, கார் கொட்டகைதான். மாடு தண்ணீர் குடிக்கும் தகரத் தொட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒரே சந்தேகம். எங்கள் பக்கத்து மண் கறுப்புக் களி, மழையில் பசை, வெயிலில் விரலிடும் அளவுக்கு வெடிப்பு. உருண்டை நன்றாக நிற்கிறது. மணல் பாதிக்குப் பாதி சேர்த்தால் போதுமா?

லெஸ்டர் ராஜேஸ்வரி:
பாதிக்குப் பாதியில் தொடங்கி, ஒரு வாளியில் பிசைந்து காயவிட்டுப் பாருங்கள். வெடித்தால் மணலைக் கூட்டுங்கள். புல்வெளியில் பூச்சிமருந்து அடித்த மண் என்றால் தொடவே வேண்டாம், மூட்டையாக வாங்கிவிடுங்கள்.