சித்தப்பா அனுப்பிய பச்சைப் படம்

சித்தப்பா: (படம்) செயற்கைக்கோளிலிருந்து எடுத்தது. எங்கே பார்த்தாலும் பச்சைப் பசேல். காடு அழிகிறது, அழிகிறது என்று சும்மா புலம்புகிறார்கள்.

அத்தை: அழகு! என் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டேன்.

அக்கா: சித்தப்பா, மேலிருந்து பார்த்தால் மரம்தான் தெரியும். மரத்தடியில் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று தெரியாதே. 1992-லேயே கென்ட் ரெட்ஃபோர்ட் என்பவர் இதைத்தான் 'வெற்றுக் காடு' என்று எழுதினார். மரமெல்லாம் நிற்கும், பெரிய விலங்குகள் இருக்காது.

சித்தப்பா: மரம் இருந்தால் விலங்கும் இருக்கத்தானே செய்யும்? எங்கே போய்விடும்?

அக்கா: கண்ணியில் போய் மாட்டும். பழைய பிரேக் கம்பி ஒன்று போதும். ஒரு முனையில் சுருக்கு, மறுமுனையை வளைத்த இளமரத்தில் கட்டி, மேலே சருகைத் தூவிவிட்டால் வேலை முடிந்தது. காட்டுப்பன்றிக்கு வைத்தது என்று மானுக்குத் தெரியுமா? எது கால் வைத்தாலும் சுண்டி இழுக்கும். வைத்தவர் மறந்துபோனால்கூட அது மாதக்கணக்கில் அங்கேயே காத்திருக்கும். வியட்நாம், லாவோஸ், கம்போடியா காடுகளில், அதுவும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மட்டும், சுமார் 1 கோடியே 23 லட்சம் கண்ணிகள் கிடக்கின்றன என்று 2020-இல் ஒரு மதிப்பீடு வந்தது.

அத்தை: கோடியா??

அக்கா: ஆமாம் அத்தை. வியட்நாம்-லாவோஸ் எல்லை மலைக்காட்டில் சாவோலா என்று ஒரு விலங்கு. இரண்டு கொம்பும் பின்னோக்கி நீண்டு நேராக இருக்கும். 1992-இல் வேட்டைக்காரர்கள் வீட்டில் கொம்பைப் பார்த்துத்தான் இப்படி ஒன்று இருப்பதே விஞ்ஞானிகளுக்குத் தெரிந்தது. 2013-இல் தானியங்கி கேமராவில் ஒரு முறை விழுந்தது. அப்புறம் ஒரு படம்கூட இல்லை. அதைப் பிடிக்க யாரும் கண்ணி வைக்கவில்லை என்பதுதான் கொடுமை.

பெரியம்மா: அனைவருக்கும் இனிய காலை வணக்கம் 🌹

மாமா: அதெல்லாம் ஆள் நடமாட்டம் உள்ள காடு. யாருமே போகாத இடத்தில் அதுபாட்டுக்கு நிம்மதியாக இருக்கும்.

அண்ணன்: அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன் மாமா. காஃப் தீவு என்று தேடிப் பாருங்கள். தெற்கு அட்லாண்டிக்கில், கேப் டவுனிலிருந்து சுமார் 2,600 கி.மீ. வானிலை நிலையத்து ஆட்கள் சிலரைத் தவிர அங்கே யாரும் கிடையாது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் சீல் வேட்டைக் கப்பல்களோடு வந்த சுண்டெலி இருக்கிறது. தின்று தின்று, மற்ற இடத்துச் சுண்டெலியைப் போல ஒன்றரை மடங்காகப் பெருத்துவிட்டது.

மாமா: சுண்டெலி என்ன செய்துவிடும்?

அண்ணன்: ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சை உயிரோடு தின்னும். குஞ்சு எலியைவிடப் பல மடங்கு பெரிது. ஆனாலும் இரவெல்லாம் எலிகள் கொறிக்கக் கொறிக்கக் கூட்டிலேயே உட்கார்ந்திருக்கும். எதிர்க்கத் தெரியாது. தரையில் ஓடி வரும் எதிரியை அதன் பரம்பரையே பார்த்ததில்லையே! டிரிஸ்டன் ஆல்பட்ராஸுக்கு ஏறக்குறைய அந்த ஒரு தீவுதான் கூடு கட்டும் இடம். ஒரு ஜோடி இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும். 2021-இல் ஹெலிகாப்டரிலிருந்து விஷத் தீனி போட்டார்கள். அதே வருடம் டிசம்பரில் கேமராவில் ஒரு சுண்டெலி ஓடியது.

அத்தை: ஐயோ. நல்ல சேதி எதுவும் கிடையாதா?

அண்ணன்: உண்டு. தெற்கு ஜார்ஜியா தீவில் இதே வேலையைச் செய்து, 2018-இல் எலி இல்லை என்று அறிவித்தார்கள். அங்கே மட்டுமே வாழும் ஒரு சின்னப் பாடும் பறவை திரும்பப் பெருகியிருக்கிறது.

சித்தப்பா: சரி, தீவை விடு. நான் அனுப்பியது பெருங்காடு. அதற்குள் அவ்வளவு சுலபமாக யார் போக முடியும்?

நான்: சாலை போட்டால் போகலாமே சித்தப்பா. அமேசானில் வெட்டப்பட்ட காட்டில் நூற்றுக்கு 95 பங்கு, சாலையிலிருந்து 5.5 கி.மீ.க்குள்ளோ படகு போகும் ஆற்றிலிருந்து 1 கி.மீ.க்குள்ளோதான் இருக்கிறது. முதலில் மரலாரிக்கு என்று ஒரு மண் பாதை. அப்புறம் அதே பாதையில் துப்பாக்கி, கண்ணி, குடிசை, தீ. 1990-களின் தொடக்கத்திலிருந்து 20 வருடத்துக்குள் மனிதக் கை படாத நிலத்தில் பத்தில் ஒரு பங்கு, 33 லட்சம் சதுர கி.மீ., போய்விட்டது. அதிகம் இழந்தது அமேசானும் மத்திய ஆப்பிரிக்காவும்.

மாமா: இவளிடம் வாய் கொடுத்தால் இப்படித்தான்.

சித்தப்பா: இரு இரு. படத்தின் வலது ஓரத்தில் மெல்லிசாகப் பழுப்பில் ஒரு கோடு தெரிகிறது. அது ஆறுதானே?

அக்கா: பெரிதாக்கிப் பாருங்கள்.

சித்தப்பா: பார்த்தேன். ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருக்கிறது.

நான்: ஆறு அப்படி ஓடாது சித்தப்பா.