டிராக்டர் மெக்கானிக், அக்ரி இன்ஜினியரிங் பக்கம் போன வட சென்னைக்காரர்கள்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு நாள்

வியாசர்பாடி டீசல்

ஐ.டி.ஐ.யில் டிராக்டர் மெக்கானிக் முடித்து, ஒரு டீலரிடம் அப்ரண்டிஸாகச் சேர்ந்து நாலாவது மாதம். பொன்னேரிக்கு அந்தப் பக்கம் சேடை ஓட்டுகிற, அதாவது நடவுக்கு முன்னால் சேறு கலக்கி உழுகிற டிராக்டர் நின்று நின்று போகிறது என்று போன் வந்தது. சீனியர் இல்லை, என்னைத் தனியாக அனுப்பினார்கள்.

வண்டி கேஜ் வீலோடு, அதாவது சேற்றுக்கு மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு, நடு வயலில் நிற்கிறது. ஸ்டார்ட் ஆகும், கால் மணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் திணறி நின்றுவிடும். ஏர் லாக், டீசல் குழாயில் காற்று புகுந்து அடைத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஃபில்டர் மாற்றி ஏர் எடுத்தேன். ஓடியது, மறுபடி நின்றது. டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்பைக் கழற்றி மாட்டினேன். அதே கதை. மூன்று மணி நேரம் போய்விட்டது. அந்த வீட்டு அம்மா வரப்பில் நின்றபடி, "தம்பி, டேங்க் மூடிய தொறந்தா உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் "சரிம்மா" என்றேன், தலையைத் தூக்கவில்லை. கடைசியில் அவரே சேற்றில் இறங்கி வந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக் கையை மூடி மேல் வைத்தார். திறந்தேன். உஸ்.

மூடியில் இருக்கிற காற்றுத் துளை சேறு காய்ந்து அடைத்திருந்தது. டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வழியில்லை, அதனால் இன்ஜினுக்கு டீசல் வரவில்லை. ஒரு ஊக்கு போதும். அவர் புடவையில் குத்தியிருந்த ஊக்கைத்தான் கழற்றிக் கொடுத்தார்.

ஐந்து வருஷம் ஆகிறது, அந்தக் கை இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது. இன்ஜினைப் பிரித்துக் கோர்க்க நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். வண்டி ஓட்டுகிற வீட்டில் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு வயல் தெரியாது, அதுதான் பெரிய குறை என்று நினைக்கிறேன். உங்களுக்கு?

காசிமேடு பொண்ணு

வயல் தெரியாததைக் குறை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. டீசல் இன்ஜினோடு வளர்ந்த ஊர் இது. அப்பா விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் எங்கள் வீட்டில் அவரைப் பார்க்கவே முடியாது, படகு கரையில் நிற்கும்போதுதானே இன்ஜின் இறக்க முடியும். பத்து வயதில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். நான் படித்தது பி.இ. அக்ரி இன்ஜினியரிங். பி.எஸ்சி. அக்ரி வேறு, அது பயிர். எங்களுக்கு பாசனம், பண்ணை மெஷின், மண் அரிப்பு, அறுவடைக்குப் பிறகு தானியத்தைப் பாதுகாப்பது. இரண்டையும் ஒன்று என்று நினைத்து விண்ணப்பம் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். சொட்டுநீர்ப் பாசனம் போடுகிற ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. "டீசல் இன்ஜின்ல கை வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார்கள். "காலேஜ் லேப்ல மட்டும் சார்" என்றேன். "அப்பா?" "ஃபிஷிங் சார்." ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்தால் அப்பா கேட்டுக்கு எதிரே நிற்கிறார். வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். என்னவெல்லாம் கேட்டார்கள் என்று பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் சொன்னேன், அந்த இரண்டு கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். வேலை கிடைத்துவிட்டது.

மாதவரம் 540

கேட்காததைப் பற்றி வியாசர்பாடித் தம்பி எழுதியிருக்கிறார். என்னை உறுத்துவது சொல்லாதது.

மீஞ்சூர் பக்கம் ரொட்டவேட்டர் டெமோ, டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைப் பொடியாக்குகிற கருவி அது. டிராக்டர் இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகிற பி.டி.ஓ. ஷாஃப்ட் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கவர் இல்லை. பார்த்தேன். வண்டிக்கார அண்ணனுக்கு என்னைவிட 20 வயது கூட, எனக்கு டிரெய்னிங் முடிந்து இரண்டு வாரம்தான். வாயைத் திறக்கவில்லை. ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் கருவியை மாட்டியிருக்கிற பின்னைப் பார்க்கக் குனிந்தார். தோளில் துண்டு இருந்தது. அப்புறம் இல்லை. போனதை நான் பார்க்கவே இல்லை.

அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஒரு நொடிக்கு 9 சுற்று என்று அன்றைக்குத்தான் உறைத்தது. முறுக்கிய துண்டை பிளேடால் அறுத்து எடுத்தோம், கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கவரைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறாராம்.

செம்பியம் பெரியவர்

பிள்ளைகளே, செம்பியம் டிராக்டர் ஆலையில் அசெம்பிளி லைனில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வட சென்னைக்கும் உழவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் பெரம்பூர் வந்து பார்க்கட்டும். எங்கள் டாஃபே கம்பெனி 1960இல் தொடங்கியது. இங்கே கூட்டிய வண்டிகள் நாடு முழுக்க உழுதிருக்கின்றன.

ஊத்துக்கோட்டையில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனியின் ஒரு பழைய 1035 டிராக்டர், பெயிண்டே இல்லை, மணி காட்டும் மீட்டரும் ஓடவில்லை. டூல் பாக்ஸில் ஒரு நோட்டு. தினம் எத்தனை மணி ஓடியது, ஆயில் எப்போது மாற்றியது, எல்லாம் பென்சிலில். எழுதியது அந்த விவசாயியின் மகள். பந்திக்குக் கூடப் போகாமல் நின்று படித்தேன்.

சரி, படிக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். பத்தாவது முடித்தால் ஐ.டி.ஐ.யில் டிராக்டர் மெக்கானிக் ஒரு வருஷம், வேளாண் இயந்திர மெக்கானிக் இரண்டு வருஷம். முடிந்தால் இரண்டு வருஷத்தையே எடுங்கள், அறுவடை மிஷின், நடவு மிஷின் எல்லாம் அதில்தான் கைக்கு வரும். ஐ.டி.ஐ. சான்றிதழோடு நிற்காமல் அப்ரண்டிஸ் முடித்து அந்தச் சான்றிதழையும் வாங்குங்கள். ஆந்திராவில் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னெயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது, சென்னையில் யாரும் அதைப் பேசுவதே இல்லை. பட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு கோயம்புத்தூரிலும் திருச்சிப் பக்கம் குமுளூரிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் உண்டு. அந்தப் பட்டம் இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளர் தேர்வும் எழுதலாம். அப்புறம் மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புது புகை விதி வந்துவிட்டது. இனிமேல் ஸ்பேனர் மட்டும் போதாது, வயரிங்கும் சென்சாரும் தெரிந்தாக வேண்டும். மாதவரம் தம்பி, அந்தக் கவரைத் திரும்ப மாட்டினார்களா என்று நீங்கள் எழுதவில்லையே?

பாடியநல்லூர் பெல்ட் வண்டி

ஐயா, மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். அப்ரண்டிஸ் முடி, முடி என்கிறீர்கள். நான் முடித்தேன். கடைசி நாள் கை குலுக்கி வெளியே அனுப்பினார்கள், என்னோடு இருந்த ஒன்பது பேரையும்தான். அந்தச் சான்றிதழோடு அறுவடை மிஷினில் ஹெல்பராகத் தஞ்சாவூர் பக்கம் போனேன். படிப்பைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தை மாதம், மழையில் சாய்ந்த பயிர். வண்டிக்குப் பின்னால் ஒரு பாட்டி வைக்கோலுக்குள் கையை விட்டு அள்ளி என் முன்னால் விரித்துக் காட்டினார். பதர் இல்லை, முழு நெல். சல்லடைக்குக் காற்று அதிகமாக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம், நெல்லும் சேர்ந்து பின்னால் பறந்துகொண்டிருந்தது. ஆபரேட்டரிடம் சொன்னால், "வாடகை மணிக்குத்தான், நீ ஏறு" என்கிறார். நான் இறங்கிக் காற்றைக் குறைத்தேன். அதற்குள் முக்கால் வயல் முடிந்திருந்தது. பாட்டி என்னைத் திட்டவில்லை. உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார்.

மாதவரம் 540

இல்லை ஐயா. அன்றைக்கு மாட்டவில்லை. மறு வாரம் நானே புது கவர் வாங்கிக்கொண்டு போனேன், வண்டி வேறு ஊருக்கு வாடகைக்குப் போயிருந்தது. வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். மாட்டினார்களா தெரியாது.

வியாசர்பாடி டீசல்

பாடியநல்லூர் அண்ணே, காற்றை எப்படிக் குறைத்தீர்கள், காற்று போகிற வழியின் பிளேட்டை மாற்றியா, காற்றாடியின் புல்லி ஸ்பீடைக் குறைத்தா? நவரைப் பட்ட நெல் அறுவடைக்கு முன்னால் அப்படி ஒரு வண்டி எனக்கு சர்வீஸுக்கு வருகிறது. விவரமாக எழுதுங்கள்.

காசிமேடு தங்கச்சி, அப்பாவிடம் இன்னும் சொல்லவே இல்லையா?

காசிமேடு பொண்ணு

இல்லைண்ணா.