ஏ-ஆர்ம் மூட்டுகளுக்கு கன்மெட்டல் புஷ்ஷா, நீடில் பேரிங்கா?

கேள்வி:
வணக்கம். எங்கள் கல்லூரி அணி கரடுமுரடான தடத்தில் ஓடும் வண்டிகளுக்கான மாணவர் போட்டியான பாஹா எஸ்.ஏ.இ. இந்தியாவுக்காக ஒற்றை இருக்கை வண்டி ஒன்றைக் கட்டி வருகிறது. முன்பக்க ஏ-ஆர்ம்கள் (சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் A வடிவக் கைகள்) சேஸியோடு, அதாவது வண்டிச் சட்டத்தோடு, சேரும் மூட்டுகளில் சென்ற ஆண்டு நைலான் புஷ் (மூட்டின் அச்சைச் சுற்றி வழுக்கும் உருளை வளையம்) போட்டிருந்தோம். சேற்றில் ஓட்டிய மறுநாள் ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு ஆர்மைக் கையால் தூக்கினால், விட்ட இடத்திலேயே அசையாமல் நின்றது. இம்முறை ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட நீடில் பேரிங் போட்டால் சஸ்பென்ஷன் தங்குதடையின்றி வேலை செய்யும் என்று அணியில் பாதிப் பேர் சொல்கிறார்கள். ஆர்மின் நீளம் 400 மி.மீ., புஷ்ஷின் உள்விட்டம் 20 மி.மீ., நீளம் 25 மி.மீ. கன்மெட்டல் (செம்பு, வெள்ளீயம், துத்தநாகம் கலந்த உலோகம்) புஷ், நீடில் பேரிங், இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில் 1:
நைலான் தண்ணீரை உறிஞ்சி ஊதும். ஊதினால் இடைவெளி மறைந்து பிடித்துக்கொள்ளும். அது அந்தப் பொருளின் குறை, அதை வைத்து எல்லா புஷ்களையும் ஒதுக்கிவிட வேண்டாம். உராய்வைக் கணக்கிட்டுப் பாருங்கள். மூட்டில் 5,000 நியூட்டன் பளு விழுந்து, உராய்வுக் குணகம் 0.2 என்றாலும், 1,000 நியூட்டன் உராய்வு விசை 10 மி.மீ. ஆரத்தில்தான் செயல்படுகிறது, 400 மி.மீ. தள்ளி இருக்கும் ஆர்மின் முனையில் அது வெறும் 25 நியூட்டன், அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை. இதைக் குறைப்பதற்காகப் பேரிங்குக்குப் போவது வீண்செலவு என்பது என் கருத்து.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த மூட்டு ஒருபோதும் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. சில பாகைகளுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஆடுவதால், ஊசி உருளைகள் ஒரே இடத்தில் உருண்டு கிரீஸை ஒதுக்கிவிடுகின்றன. ஒவ்வொரு குதிப்பின் அடியும் அதே கோட்டில் விழுந்து பள்ளம் பதிக்கிறது. சக்கரம் கல்லில் மோதும்போது ஆர்ம் போல்ட்டின் அச்சு வழியே பின்னால் தள்ளப்படும். சாதாரண நீடில் பேரிங் அந்த விசையைத் தாங்காது, தனியாக த்ரஸ்ட் வாஷர் வேண்டும். கடினப்படுத்திய ஷாஃப்டும் நல்ல சீலும் இதற்கு மேல்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஓர் ஐயம். மோட்டோகிராஸ் பைக்குகளின் பின் லிங்கேஜில் (பின்சக்கரக் கையை ஷாக் அப்சார்பரோடு இணைக்கும் நெம்புகளில்) நீடில் பேரிங்தானே வருகிறது? அவையும் சேற்றில்தானே ஓடுகின்றன?

பதில் 1:
நியாயமான கேள்வி. லிங்கேஜின் நெம்புகள் மிகக் குட்டையானவை; 400 மி.மீ.க்குப் பதில் 50 மி.மீ. என்று போட்டால் அதே உராய்வு 200 நியூட்டனாகிவிடும். அங்கே பேரிங்குக்குக் காரணம் இருக்கிறது. அதற்கு விலையாகத்தான் அந்த பைக்காரர்கள் லிங்கேஜை அடிக்கடி கழற்றிக் கழுவி கிரீஸ் வைக்கிறார்கள்.

பதில் 3:
லேத் வேலை செய்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். எண்ணெய் ஊறிய சின்டர் புஷ்ஷை (உலோகப் பொடியை அழுத்திச் சுட்டது) வாங்க வேண்டாம். ஷாஃப்ட் வேகமாகச் சுழன்றால்தான் அதிலிருந்து எண்ணெய் சரிவர வெளிவரும். வார்ப்பு கன்மெட்டலில் கிரீஸ் காடி வெட்டி, கிரீஸ் அடிக்க நிப்பிள் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 5,000 நியூட்டனுக்கு, உங்கள் 20 × 25 மி.மீ. அளவில் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 10 நியூட்டன்தான், கன்மெட்டல் தாராளமாகத் தாங்கும். எடை குறைய வேண்டுமென்றால் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கைப் போடலாம், அது நைலானைப் போல ஊதாது.

புஷ்ஷுக்கும் போல்ட்டுக்கும் நடுவே போகும் ஸ்டீல் ஸ்லீவ் (குழாய்), புஷ்ஷைவிட 0.2 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். போல்ட்டை முறுக்கும்போது பிராக்கெட் ஸ்லீவைத்தான் கவ்வ வேண்டும். நான் முதன்முதலில் செய்த வண்டியில் இரண்டையும் ஒரே நீளத்தில் கடைந்துவிட்டேன். போல்ட் இறுகியதும் புஷ்ஷின் காலர் (விளிம்பு) நசுங்கி ஆர்ம் கல்லாய் நின்றது, நான் வெல்டிங் கோணலென்று ஒரு நாள் முழுதும் தேடிக்கொண்டிருந்தேன். வெல்டிங் முடிந்து ஆர்மின் குழாய் ஆறிய பிறகே புஷ்ஷை அதில் அழுத்தி, இரண்டு முனைகளையும் ஒரே ரீமரால் (துளையைச் சீராக்கும் கருவி) நேர்கோட்டில் ரீம் செய்யுங்கள்.

கேட்டவர்:
நன்றி. பழைய ஸ்லீவை இப்போது அளந்து பார்த்தோம், புஷ்ஷைவிட 0.3 மி.மீ. குட்டையாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் காரணமில்லை போலும். கன்மெட்டலுக்கே போகிறோம்.