ஊருக்கு வரும்போது எந்த ஸ்கேனர் கொண்டு வரலாம்?

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு வரும்போது வீட்டுப் பழைய பத்திரம், கடிதம், படம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய எந்தக் கருவி வாங்கலாம் என்று நம் பிள்ளைகள் சிலர் கேட்டிருந்தார்கள். போன வருடம் நான் பட்டதை எழுதுகிறேன்.

ஒரு பக்கம் தாளைச் செருகினால் மறுபக்கம் தள்ளிவிடுமே, அந்தச் சின்ன உருளை ஸ்கேனரைத்தான் எடுத்துப் போனேன். புதுச்சேரி பக்கம் பாகூரில் அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து, தாத்தா வியட்நாமின் சைகோனிலிருந்து எழுதிய கடிதத்தைக் கொடுத்தார். மடிப்பெல்லாம் இற்றுப்போன தாள். உருளை இழுத்ததும் இரண்டாகப் போய்விட்டது. அத்தை திட்டவில்லை. பெட்டியை மூடிப் பூட்டினார். மறுபடி திறக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் பழைய தாளுக்கு உருளை வகை வேண்டவே வேண்டாம். கண்ணாடிமேல் தாளை வைத்து மூடுகிற தட்டை ஸ்கேனர் வாங்குங்கள். இப்போது என்னிடம் இருப்பது கேனன் லைடு 300. எடை 1.7 கிலோ, பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிடலாம். தனி பவர் வயர் கிடையாது. யூஎஸ்பி வழியே லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கரண்டு போனாலும் வேலை நிற்காது.

இதிலும் ஒரு குறை உண்டு. கண்ணாடியை ஒட்டிப் படிந்திருப்பது மட்டும்தான் தெளிவாக விழும். தைத்த கணக்கு நோட்டின் நடுப்பகுதியும், சட்டம் போட்ட படமும் மங்கிவிடும். அவற்றைத் திண்ணை வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் செல்போனில் எடுப்பதே நல்லது. சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைத் தயவுசெய்து உரிக்காதீர்கள்.

பத்திரத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) போதும், சின்னப் படங்களுக்கு 600. எல்லாமே கலரில் எடுங்கள். முத்திரை மையும் பென்சில் குறிப்பும் கறுப்பு வெள்ளையில் காணாமல் போகும். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், பெயர் அங்கேதான் இருக்கும். ஏ4 பக்கம் ஒன்று 300-இல் சுருக்காமல் வைத்தால் சுமார் 25 எம்பி, 600-இல் 100 எம்பி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், மூலக் கோப்பை ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள்.

பிரெஞ்சுக் காலத்துப் புதுச்சேரிப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைத் தேடி அலைய வேண்டாம். பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் அவற்றில் பழையவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. வீட்டில் மட்டும் இருப்பதற்கு நேரம் கொடுங்கள்: கிரயப் பத்திரம், கடிதம், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுத்தவர்கள் வீட்டில் அதன் நகல். 2011 தானே புயலில் கூரை போன வீடுகளில் எத்தனை பெட்டி நனைந்தது என்று உங்களுக்கே தெரியும். பெரியவர்கள் காகிதத்தை வெளியே கொடுக்க மாட்டார்கள், நாம்தான் கருவியோடு அவர்கள் வாசலுக்குப் போக வேண்டும்.

என் ஸ்கேனரைக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தம்பி வீட்டில் வைத்திருக்கிறேன். வருகிற தேதியை இங்கேயே எழுதுங்கள், தம்பியிடம் சொல்லி வைக்கிறேன்.